எளிமையும் அதன் சுமையும்: ஒபரோன் முறைமை பற்றிய ஒரு மதிப்பீடு

தொழில்நுட்ப நூல்களை நாம் பயன் நோக்கியே படிக்கின்றோம். வேண்டிய செய்தி கிடைத்ததும் நூலை மூடிவிடுகின்றோம். ஒரு நூல் உலகை எவ்வாறு நோக்குகின்றது, எதனை முதன்மைப்படுத்துகின்றது, எதனைச் சொல்லாது விடுகின்றது என்னும் வினாக்கள் கவிதைக்கும் நாவலுக்குமே உரியன என்பது பொதுவான எண்ணம். ஆயின், மனிதன் சிந்தித்து அமைத்த எப்பொருளும் அமைத்தவனின் நோக்கையும் அவன் வாழ்ந்த சூழலையும் தன்னகத்தே கொண்டிருக்கும். கணினியின் பணிசெயல் முறைமையும் இதற்கு விலக்கன்று. இதனை மனங்கொண்டு, சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர்களாயிருந்த நிக்லவுஸ் விர்த், யூர்க் குற்னெக்ற் ஆகிய இருவரும் 1992இல் வெளியிட்ட 'புறொஜெக்ற் ஒபரோன்' என்னும் நூலையும், அந்நூல் விளக்கும் முறைமையையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட நூலொன்றை இன்று எடுத்து நோக்குவதற்குக் காரணம் உண்டு. வங்கி, வைத்தியசாலை, பரீட்சை, அரச அலுவலகம் என நமது வாழ்வின் துறைகள் யாவும் கணினியிலே தங்கியுள்ளன. எனினும், அக்கணினிகளை இயக்கும் முறைமைகளை முழுமையாக அறிந்தவர் எவரும் இலர். இது மிகைக்கூற்றன்று. லினக்ஸ் முறைமையின் கருப்பகுதி மாத்திரமே மூன்று கோடி வரிகளைக் கடந்துவிட்டது. நாளொன்றுக்கு ஆயிரம் வரி வீதம் படிப்பவன் அதனைப் படித்து முடிக்க எண்பது ஆண்டுகளுக்கு மேற் செல்லும். மனிதன் தான் ஆக்கியதைத் தானே அறியமுடியாத நிலை இது. இந்நிலை தவிர்க்கமுடியாததன்று என்பதே ஒபரோன் முன்வைக்கும் வாதம். ஒருவன் முழுதும் படித்து விளங்கிக்கொள்ளத்தக்க முறைமையை இருவர் அமைத்துக் காட்டினர். அவ்வாதம் எத்துணை உண்மையானது, அதற்குக் கொடுக்கப்பட்ட விலை யாது, அவ்விலையைக் கொடுத்தவர் யாவர் என்பனவே இங்கு ஆராயப்படவேண்டியன.

இரட்டை ஆட்சி

வழக்கமான கணினி ஒன்றில் இரண்டு ஆட்சிகள் நடைபெறுகின்றன. ஒன்று பணிசெயல் முறைமையின் ஆட்சி. நினைவகத்தைப் பங்கிடுதல், கோப்புகளைக் காத்தல், ஒரு செய்நிரல் மற்றொன்றின் எல்லையுட் புகாது தடுத்தல் ஆகியன அதன் கடமைகள். மற்றையது, செய்நிரல் எழுதப்பட்ட மொழியின் ஆட்சி. ஒரு மொழி இயங்குவதற்கென ஓர் அடித்தளம் வேண்டும். அவ்வடித்தளமும் நினைவகத்தைப் பங்கிடுகின்றது. பயனிழந்த இடங்களை மீட்கின்றது. எண் வைக்கவேண்டிய இடத்திற் சொல்லை வைத்தாலும், நூறு இடங்கள் கொண்ட வரிசையில் நூற்றோராவது இடத்தைக் கேட்டாலும் தடுத்து நிறுத்துகின்றது. ஆக, ஒரே வேலையை இருவர் இருவேறு முறைகளிற் செய்கின்றனர். ஒருவர் செய்வதை மற்றவர் அறியார்.

மொழியே இவ்வளவையும் செய்யுமாயின் தனியானதொரு பணிசெயல் முறைமை எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. இவ்வினாவை எழுப்பியோருள் விர்த் முதல்வரல்லர். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் 1974 அளவிலே தொடங்கிய லிஸ்ப் பொறி முயற்சி, லிஸ்ப் மொழிக்கென்றே வன்பொருளையும் அமைத்து, அதன்மேல் யாவற்றையும் அம்மொழியிலேயே எழுதியது. கலிபோர்ணியாவில் செறொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் அலன் கே, டான் இங்கல்ஸ், அடெல் கோல்ட்பேர்க் முதலியோர் உருவாக்கிய ஸ்மோல்ரோக் மொழியும் அத்தகையதே. ஒரு மொழியினுள் அடங்காது எஞ்சியவற்றின் தொகுதியே பணிசெயல் முறைமை என்றும், அப்படியொன்று இருத்தலாகாது என்றும் இங்கல்ஸ் 1981இல் எழுதினார். துணிவான இக்கூற்று ஒபரோனுக்கும் பொருந்தும்.

தமிழ் மாணவர்க்கு இச்சிந்தனை முற்றிலும் புதியதன்று. எழுத்து, சொல் என்பவற்றோடு நில்லாது பொருளுக்கும் இலக்கணம் வகுத்தது தொல்காப்பியம். மொழியின் இலக்கணம் வாழ்வின் இலக்கணமாகவும் விரியலாம் என்னும் துணிவு அதிற் காணப்படுகின்றது. கணினிமொழியின் இலக்கணத்தை வட்டு, திரை, வலையமைப்பு என்பன வரை விரித்த இம்முயற்சிகளையும் அத்தகைய துணிவின் வெளிப்பாடுகளாகக் கொள்ளலாம்.

கழித்தலாற் பிறந்த மொழி

1934இற் பிறந்து 2024 ஜனவரி முதலாந் திகதி மறைந்த விர்த்தின் பெயரைப் பலரும் பஸ்கால் மொழியோடு இணைத்தே அறிவர். 1970இல் வெளிவந்த அம்மொழி உலகெங்கும் பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கப்பட்டது. 1976 - 77இல் அவர் செறொக்ஸ் ஆய்வுகூடத்திற் கழித்த ஓராண்டு அவரது பிற்கால முயற்சிகளுக்கெல்லாம் வித்தாயிற்று. சுட்டெலியும் உயர்தரத் திரையும் கொண்ட தனிநபர் கணினியை அங்கு கண்ட அவர், அதுபோன்றதொன்றைத் தாமே அமைக்க முற்பட்டார். மொடியூலா-2 மொழியும், 1980இல் இயங்கத்தொடங்கிய லிலித் என்னும் கணினியும் அதன் விளைவுகள். பின்னர் 1985இன் இறுதியிற் குற்னெக்ற்றுடன் இணைந்து தொடங்கியதே ஒபரோன். வொயேஜர்-2 விண்கலம் 1986 ஜனவரியில் யுரேனசைக் கடந்து சென்றபோது, அக்கோளின் துணைக்கோள்களுள் ஒன்றின் பெயரை இம்முயற்சிக்குச் சூட்டினர்.

முறைமையை எழுதுவதற்கு மொடியூலா-2 போதுமானது என்றே அவர்கள் முதலில் எண்ணினர். எழுத எழுத, அம்மொழியிற் சில கூறுகள் தேவையற்றனவாகவும் இன்றியமையாத ஒன்று இல்லாததாகவும் தோன்றின. ஆகவே மொழியையே திருத்தினர். மாறும் பதிவுகள், வரையறுத்த எண்ணெல்லைகள், பெயரிட்டு எண்ணும் வகைகள் முதலியன நீக்கப்பட்டன. ஏற்கெனவே உள்ள ஒரு வகையை விரித்துப் புதியதொரு வகையை ஆக்கும் வசதி ஒன்றே முக்கியமாகச் சேர்க்கப்பட்டது. மொழிகள் காலந்தோறும் பருத்துச் செல்லும் உலகில், மூத்த மொழியிலும் சிறிய இளைய மொழி பிறந்தமை அரிதான நிகழ்ச்சியாகும். முறைமை மொழியைத் திருத்தியது. திருந்திய மொழி முறைமையைச் சுருக்கியது. இவ்விருவழித் தொடர்பே ஒபரோனின் உயிர்நாடி எனலாம்.

அமைப்பின் அழகு

ஒபரோனின் அடியில் நான்கு கூறுகள் உள்ளன. நினைவகத்தைப் பராமரிக்கும் கரு, கோப்புகளின் அட்டவணை, கோப்புகள், ஏனைய கூறுகளை வட்டிலிருந்து ஏற்றும் ஏற்றி என்பன அவை. இவற்றின்மேல் திரை, எழுத்துருக்கள், உரைகள், கட்டளைகள் என ஒன்றன்மேல் ஒன்றாகக் கூறுகள் அமைகின்றன. இவற்றுக்கிடையே 'முறைமை' இங்கே முடிந்து 'பயன்பாடு' இங்கே தொடங்குகின்றது என்னும் எல்லைக்கோடு எங்கும் இல்லை. மாணவன் இன்று எழுதிய கூறும் விர்த் எழுதிய கருவும் ஒரே நினைவகத்தில், ஒரே மொழியில், ஒரே விதிகளுக்குக் கட்டுப்பட்டு வாழ்கின்றன. திரையிலுள்ள எந்த உரையிலும் ஒரு கூறின் பெயரையும், புள்ளியிட்டு அதன் செயல் ஒன்றின் பெயரையும் எழுதி, சுட்டெலியின் நடுப்பொத்தானால் அழுத்தினால் அச்செயல் நிகழும். ஆகவே கட்டளைப்பட்டியலும் சாதாரண உரையே. எவரும் அதனைத் திருத்தலாம்.

இம்முறைமையின் சிறப்பை உணர்த்த ஓர் உதாரணம் போதும். பயனிழந்த நினைவிடங்களைக் கண்டு மீட்பது எந்த மொழிக்கும் கடினமான வேலை. எந்த இடத்தை எவர் இன்னும் சுட்டிக்கொண்டிருக்கின்றார் என்பதை அறியவேண்டும். பாதி முடிந்த செயல்கள் தமது இடைக்காலக் குறிப்புகளை ஓர் அடுக்கில் வைத்திருக்கும். அவ்வடுக்கில் எது சுட்டு, எது வெறும் எண் எனப் பிரித்தறிவதே பெருஞ்சிக்கல். ஒபரோன் இச்சிக்கலைத் தீர்க்கவில்லை. அது எழாதவாறு செய்துவிட்டது. ஒபரோனில் ஒரு கட்டளை முற்றாக முடிந்த பின்னரே அடுத்தது தொடங்கும். இரண்டு கட்டளைகளுக்கு இடைப்பட்ட வேளையில் அவ்வடுக்கு வெறுமையாகவே இருக்கும். மீட்புவேலை அவ்வேளையிலேயே நடைபெறுகின்றது. கூறுகளின் பொது மாறிகளிலிருந்து தொடங்கி, எட்டத்தக்க இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு, குறிபெறாதவற்றை மீட்டுவிட்டால் வேலை முடிந்தது. சரியான வேளையைத் தெரிந்தமையாற் சிக்கலான கருவியொன்று தேவையற்றதாயிற்று.

இத்தகைய தெரிவுகள் பலவற்றின் விளைவாக, தொகுப்பானும் உரைத்திருத்தியும் சாளர அமைப்பும் உட்பட முழு முறைமையும் 200 கிலோபைற்றுக்குக் குறைவான நினைவகத்தில் அடங்கியதென விர்த் 1995இற் குறிப்பிட்டார். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதனிலும் பன்மடங்கு பெரியது.

மூலமும் உரையும்

நூலின் அமைப்பும் கவனத்துக்குரியது. கட்டுபவன் அத்திவாரத்திலிருந்து தொடங்குவான். நூலாசிரியர்களோ பயன்படுத்துவோனின் கண்ணுக்குப் புலனாகும் பணிகள், திரை, உரை என்பவற்றில் தொடங்கி, ஏற்றி, கோப்புகள், நினைவகம், சாதனங்கள், வலையமைப்பு எனப் படிப்படியாக உள்ளே அழைத்துச் செல்கின்றனர். அதன் பின்னரே தொகுப்பானுக்கு வருகின்றனர். ஒவ்வோர் இயலிலும் விளக்கமும் அதனைத் தொடர்ந்து செய்நிரலும் இடம்பெறுகின்றன. நமது மரபிற் சொல்வதாயின் இது மூலமும் உரையும் ஒருங்கே அமைந்த பதிப்பாகும். மூலத்தை இயற்றியவர்களே உரையும் வகுத்துள்ளனர். உரையாசிரியர் ஒருவர் பொருந்தாத இடத்தைச் சொல்லலங்காரத்தால் மறைத்துவிடலாம். இங்கு அதற்கு இடமில்லை. உரை கூறுவதை மூலம் செய்கின்றதா என்பதைப் பொறியே சோதித்துவிடும்.

இந்நூலின் நடையில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒன்றை ஏன் சேர்த்தோம் என்பதிலும் ஏன் சேர்க்கவில்லை என்பதற்கே ஆசிரியர்கள் கூடுதலாகக் காரணங் காட்டுகின்றனர். இது நல்லாசிரியர்க்குரிய பண்பு. ஆயினும், விட்டவற்றுக்குக் கூறும் காரணங்கள் பெரும்பாலும் ஆக்குவோனின் நோக்கிலிருந்தே எழுகின்றன. விடப்பட்டது எவருக்கேனும் இன்றியமையாததாயிருக்குமோ என்னும் வினா அருகியே எழுகின்றது. இக்குறைபாடு பின்னர் விரிவாக நோக்கப்படும்.

காவல் எவரிடம்

யுனிக்ஸ் முதலிய முறைமைகளில் ஒவ்வொரு செய்நிரலையும் சுற்றி வன்பொருளால் ஒரு மதில் எழுப்பப்படுகின்றது. உள்ளே இருப்பவன் நல்லவனா தீயவனா என்பது மதிலுக்குப் பொருட்டன்று. ஒபரோனில் அம்மதில் இல்லை. பிறர் இடத்துட் புகுவதற்கான வாக்கியத்தை அம்மொழியில் எழுதவே முடியாது என்பதே அங்கு காவல். வகைவிதிகளை மீறும் செய்நிரலைத் தொகுப்பான் ஏற்காது. ஒரு கூறின் வெளித்தோற்றம் மாறிவிட்டால், பழைய தோற்றத்தை நம்பித் தொகுக்கப்பட்ட கூறை ஏற்றி ஏற்காது. வரிசையின் எல்லை மீறப்பட்டால் அக்கட்டளை மாத்திரம் நிறுத்தப்படும். முறைமை தொடர்ந்து இயங்கும்.

இக்காவலின் வலிமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. 2014 ஏப்பிரலில் வெளிவந்த 'ஹாற்பிளீட்' என்னும் குறைபாடு, இணையத்தின் மறைகுறித் தொடர்புகளுக்குப் பெரிதும் பயன்பட்ட மென்பொருளொன்றில், எதிர்த்தரப்பு கூறிய நீளத்தைச் சோதியாது நம்பி அடுத்திருந்த நினைவகத்தையும் சேர்த்து அனுப்பியமையால் நேர்ந்தது. எல்லையைத் தானே சோதிக்கும் மொழியில் அவ்வாசிப்பு தடைப்பட்டிருக்கும். அங்கு மதில் இருந்தது. அதனாற் பயன் விளையவில்லை. களவு நிகழ்ந்தது மதிலுக்கு உள்ளே.

எனினும் மொழிக்காவலுக்கும் எல்லை உண்டு. முதலாவதாக, வன்பொருளை நேரே தொடவேண்டிய இடங்களுக்கென ஒபரோன் மொழியிலேயே 'சிஸ்ரம்' என்னும் புறவாயில் ஒன்று விடப்பட்டுள்ளது. அதனைப் பயன்படுத்தும் கூறு தன் தலைப்பிலேயே அதனை அறிவிக்க வேண்டும் என்பது நேர்மையான ஏற்பாடே. ஆயினும் வாயில் வாயிலே. இரண்டாவதாக, தொகுப்பானிலே பிழையிருப்பின் காவல் முழுவதும் பொய்யாகும். மூன்றாவது எல்லையை 1992இல் எவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார். வேகத்தின்பொருட்டு, அடுத்து நிகழக்கூடியதை ஊகித்து முன்கூட்டியே செய்துபார்க்கும் பழக்கம் தற்கால முறைவழியாக்கிகளுக்கு உண்டு. அவ்வூகத்தின் சுவடுகளைக்கொண்டு, மொழி தடுத்த இடத்திலுள்ள செய்தியையும் அறிந்துவிடலாம் என்பது 2018 ஜனவரியில் 'ஸ்பெக்றர்' என்னும் பெயரில் வெளியாயிற்று. ஒரே நினைவகப் பரப்பில் வாழும் இரு செய்நிரல்களை மொழிவிதியால் மாத்திரம் பிரித்துவைக்கலாம் என்னும் நம்பிக்கை அத்தகைய பொறிகளைப் பொறுத்தவரை தகர்ந்தது.

இவ்விடத்தில் விர்த்தின் இறுதிக்கால முயற்சியொன்று புதுப்பொருள் பெறுகின்றது. ஒபரோன் முதலில் இயங்கிய செரஸ் கணினியின் முறைவழியாக்கி வழக்கொழிந்துபோகவே, தமது எண்பதாவது வயதை நெருங்கிய நிலையில் அவர் புதிய முறைவழியாக்கி ஒன்றைத் தாமே வடிவமைத்தார். அமைத்தபின்னரும் சுற்றுகளை மாற்றத்தக்க சில்லு ஒன்றில், ஒரு மெகாபைற் நினைவகத்துடன் இயங்கும் அப்பொறிக்காக நூலைத் திருத்தி 2013இல் வெளியிட்டார். அம்முறைவழியாக்கி ஊகித்துச் செயற்படுவதில்லை; ஆகவே ஸ்பெக்றர் அதனைத் தீண்டாது. விர்த் அதனை எண்ணிச் செய்தாரல்லர். அடியிலிருந்து முடிவரை விளங்கிக்கொள்ளத்தக்கதாயிருத்தல் வேண்டும் என்னும் கோட்பாட்டை இறுதிவரை பின்பற்றியமையின் விளைவே அது.

சுமை எங்கே சென்றது

ஒபரோனைப் போற்றுவோர் அதன் சிறுமையைக் கூறியதோடு நின்றுவிடுகின்றனர். விமர்சகன் கேட்கவேண்டிய வினா அடுத்ததே: பிற முறைமைகள் சுமக்கும் சுமையை இது எங்கே இறக்கிவைத்தது?

ஒரு பகுதியைப் பயன்படுத்துவோனின் தோளில் இறக்கிவைத்தது. ஒருவர் முன் ஒரு கணினி. அதில் ஒருபொழுதில் ஒரு கட்டளை. முடிவுறாத கட்டளையொன்றைத் தவறுதலாகத் தொடங்கிவிட்டால் முறைமை முழுவதும் அதற்காகக் காத்துநிற்கும். தான் எழுதியதற்குத் தானே பொறுப்பாளியாகும் அறிஞனுக்கு இது பொருந்தும். ஆக்குவோனும் பயன்படுத்துவோனும் ஒருவரேயாயிருந்த ஆய்வுகூடம் ஒன்றின் வாழ்க்கைமுறையே இவ்வமைப்பில் உறைந்துள்ளது. ஆனால் முன்பின் அறியாத ஒருவரது செய்நிரலை நாள்தோறும் இயக்கவேண்டியவர்களாகவே இன்று நாம் வாழ்கின்றோம். அந்நியனை என்செய்வது என்னும் வினாவுக்கு ஒபரோனிடம் விடையில்லை. ஒபரோன் மொழியில் எழுதப்படாத எதனையும் அது உள்ளே விடாது. பல கருமங்களை ஒருங்கே நிகழ்த்தும் தேவை பின்னர் எழுந்தபோது, சூரிச்சிலேயே மொழியை விரித்து 'அக்ரிவ் ஒபரோன்' என்னும் வடிவையும் அதன்மேற் புதியதொரு முறைமையையும் அமைக்க வேண்டியதாயிற்று.

மென்பொருள் பருத்துச் செல்வதற்கான காரணங்களை 1995இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில் விர்த் ஆராய்ந்தார். வாடிக்கையாளர் கேட்பதையெல்லாம் ஆராயாது சேர்த்தல், காலநெருக்கடி, சிக்கலைத் திறமையென மயங்குதல் ஆகியவற்றை அவர் சாடினார். வன்பொருள் விரைவடைவதிலும் விரைவாக மென்பொருள் மந்தமடைகின்றது என்னும் கூற்று அக்கட்டுரையாலேயே பரவலாயிற்று. இக்கண்டனத்திற் பேருண்மை உண்டு. ஆயின் அது முழு உண்மையன்று. சிக்கல்கள் யாவும் சோம்பலாலோ வணிகத்தாலோ விளைவன அல்ல. அவற்றுட் சில, முன்னர் வாசலில் நின்ற மனிதர் உள்ளே வந்தமையால் விளைந்தன.

ஒபரோனிற் செயல்கள் யாவும் மூன்று பொத்தான்கள் கொண்ட சுட்டெலியை மையமாகக் கொண்டவை. ஒன்றை அழுத்தியவாறே மற்றொன்றை அழுத்தவேண்டிய இடங்களும் உண்டு. பார்வையிழந்தவருக்கோ கைவழங்காதவருக்கோ அதில் இடமில்லை. அவர்களுக்கு இடமளிக்கும் மென்பொருள் பெரிதாயிருப்பதை நாம் கொழுப்பு என்றல் தகுமா?

நமக்கு நெருக்கமான இன்னோர் உதாரணம் எழுத்து. ஒபரோனின் மையப்பொருள் உரை. கட்டளையும் உரை, விடையும் உரை. அவ்வுரையின் ஓர் எழுத்து ஒரு பைற். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வடிவம். வடிவங்களை இடமிருந்து வலமாக அடுக்கினால் உரை திரையில் தோன்றிவிடும். இரண்டொரு பக்கங்களில் விளக்கிவிடத்தக்க இவ்வேற்பாட்டின் எளிமை, உரோமன் எழுத்தின் எளிமையேயாகும். 'கொ' என்னும் தமிழெழுத்தை நோக்குக. ககரத்தின் பின்னர் ஒலிக்கும் உயிர், எழுத்தில் அதன் இருபுறமும் பிரிந்து நிற்கின்றது. ஈழத்தமிழரிடையே பெருவழக்குப் பெற்ற 'பாமினி' முதலிய எழுத்துருக்கள், கொம்பையும் ககரத்தையும் அரவையும் தனித்தனிக் குறிகளாக்கி, கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கில் அடுக்கி இதனைச் சமாளித்தன. அவ்வழியில் ஒபரோனிலும் தமிழை எழுதிக்காட்டல் கூடும். ஆனால் தேடுதல், அகரவரிசைப்படுத்தல் என்று வரும்போது தமிழ் தமிழாக அன்றிக் கோடுகளின் தொகுதியாகவே நிற்கும். எழுத்தை ஒலியொழுங்கிற் சேமித்து, திரையில் வேண்டியவாறு உருவமைக்கும் யுனிக்கோட் முறைக்குப் பெரியதொரு மென்பொருள் வேண்டும். பெருத்துவிட்டதென முறைமைகளைக் கடியும்போது, அப்பெருக்கத்தின் ஒரு சிறுபங்கு நாம் நமது மொழியில் எழுதுவதற்காக நேர்ந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இறக்கியவனும் சுமந்தவனும்

மொழியின் அடித்தளத்தைச் சுற்றி முறைமையை அமைக்கும் எண்ணம் ஒபரோனோடு முடியவில்லை. கேம்பிறிஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2013இல் விபரித்த மிராஜ் என்னும் முயற்சி இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்கது. பிரான்சிற் பிறந்த ஒகாமெல் மொழியில் எழுதப்பட்ட நூலகங்களுள், ஒரு பணிக்கு வேண்டியவற்றை மாத்திரம் தெரிந்து, அப்பணியோடு சேர்த்து ஒரே உருவாகத் தொகுத்துவிடுவது அதன் வழி. இணையப் பெயர்களை முகவரிகளாக்கும் சேவையொன்று இவ்வாறு தொகுக்கப்பட்டபோது 200 கிலோபைற்றுக்குக் குறைவான அளவிலே அமைந்தது. ஒபரோனின் அளவோடு இது ஒத்திருப்பது தற்செயலேயாயினும் சுவையானது. 2015இல் இம்முறையில் அமைத்த சேவகத்தினுள் 10 பிற்கொயின் நாணயங்களுக்கான திறவுகோலை வைத்து, எடுக்கவல்லவர் எடுத்துக்கொள்ளலாமென இணையத்தில் அறைகூவல் விடுத்தனர். 2018இல் அந்நாணயங்கள் மீளப்பெறப்படும்வரை எவராலும் அதனை எடுக்க முடியவில்லை.

மிராஜ் அந்நியனுக்கு விடை கண்டது. ஒரு பொறியைப் பல பொறிகளாகத் தோன்றச்செய்யும் 'ஸென்' என்னும் அடிமென்பொருள், ஒவ்வோர் உருவையும் மற்றையவற்றிலிருந்து பிரித்துவைக்கின்றது. உள்ளே மொழியின் காவல், வெளியே மதில். ஆயினும் நமது வினாவை இங்கும் எழுப்புதல் வேண்டும். ஸென்னின் கீழ், வட்டையும் வலையமைப்பையும் உண்மையாகத் தொட்டு இயக்குவது பெரும்பாலும் லினக்ஸே. மூன்று கோடி வரிகள் மறைந்துபோகவில்லை. கண்ணிற் படாத கீழ்வீட்டுக்குக் குடிபெயர்ந்தன. மிராஜின் சிறுமை இரவற் சிறுமை எனலாம். ஒபரோனோ தன் வட்டைத் தானே சுழற்றியது. தன் திரையைத் தானே வரைந்தது. ஈற்றில் தன் முறைவழியாக்கியையும் தானே அமைத்தது. அதன் சிறுமை உழைத்துத் தேடிய சிறுமை. பயனில் மிராஜ் விஞ்சி நிற்பினும், நேர்மையில் ஒபரோனே விஞ்சி நிற்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஒபரோனை நாளாந்தப் பயன்பாட்டுக்குரிய முறைமையாகக் கருதுவோர்க்கு அது குறைபாடுடையதாகவே தோன்றும். அதன் உலகில் ஒரே மொழி, ஒரே மனிதன், ஒரே எழுத்துமுறை. அவ்வுலகின் எல்லைகளை விர்த் இயற்கையின் எல்லைகளாகக் கருதியமையும், அவற்றுக்கு அப்பாலுள்ள தேவைகளை ஒழுக்கக்குறைவாகக் கண்டமையும் ஏற்கத்தக்கன அல்ல. எளிமை ஒரு குணமாக மாத்திரம் இருப்பதில்லை. எவரை உள்ளடக்கி எவரை விலக்கினோம் என்பதன் விளைவாகவும் அது இருக்கின்றது.

ஆயினும், இதனைக் காரணங்காட்டிப் பெருமுறைமைகளின் காவலர்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. மனிதரின் மெய்யான தேவைகளுக்காக வளர்ந்த பகுதி எது, அவசரத்தாலும் ஆதாயத்தாலும் ஊதிய பகுதி எது எனப் பிரித்தறிவதற்கு நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். இவ்வளவு செய்வதற்கு இவ்வளவே போதும் என்பதை மெய்ப்பித்துக் காட்டிய படைப்பே அத்தகைய அளவுகோலாகும். ஒபரோன் அதுவே. 200 கிலோபைற்றில் ஒரு முறைமை முழுவதும் அடங்கும் என்று அறிந்தபின், அதனிலும் ஆயிரமடங்கு பெரிய ஒன்றை நோக்கி, எஞ்சியது எதற்காக என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. தமிழை எழுதுவதற்காக என்று விடைவரின் ஏற்றுக்கொள்வோம். விடையே வராவிடின் ஐயுறுவோம்.

நமது பல்கலைக்கழக மாணவர் இந்நூலைப் படிக்கவேண்டும் என்று கூறுவது இதனாலேயே. அதனை இயக்குவதற்காக அன்று. கணினி என்பது எங்கோ எவராலோ ஆக்கப்பட்டு நம்மிடம் மூடிய பெட்டியாக வந்துசேரும் பொருள் என்னும் மனப்பாங்கு நம்மிடையே வேரூன்றிவிட்டது. மின்னோட்டம் பாயும் சுற்றிலிருந்து திரையில் எழுத்துத் தோன்றும்வரை ஒரு மனிதன் தன் மனத்தால் தொடர்ந்து செல்லலாம் என்பதை ஒருமுறை கண்டவன், பின்னர் எந்தப் பெட்டியையும் அதே பணிவோடு நோக்கமாட்டான். அவ்வாறு கண்டவருள் ஒருவர், விர்த் வாசலில் நிறுத்திவிட்டுச் சென்ற எழுத்துகளையும் மனிதர்களையும் உள்ளே அழைத்து, அதற்குப் பின்னரும் ஒருவரால் முழுதும் படிக்கத்தக்கதாய் விளங்கும் முறைமை ஒன்றை அமைக்க முயல்வாராயின், இந்நூலுக்கு அதனினும் சிறந்த உரை வேறொன்று இருத்தல் இயலாது.